புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கடல்நீர்த் தொட்டியில் நீந்தும் நீல டாங் மீனின் உடம்பில், உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. குழந்தைகள் ‘டோரி’ என்று கொண்டாடும் அதே மீன்தான். சில நாளில் புள்ளிகள் தாமாகவே மறைகின்றன. மீன் தேறிவிட்டது என்று வளர்ப்பவர் நிம்மதியடைகிறார். ஆபத்து அப்போதுதான் பெருகத் தொடங்குகிறது.

இது கடல்நீர் வெண்புள்ளி நோய். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, திசுவைத் தின்று வளர்கிறது. 3 முதல் 7 நாளில் முதிர்ந்து கழன்று, மணலிலோ பாறையிலோ ஒட்டி உறை கட்டிக்கொள்கிறது. உறைக்குள் ஒன்று நூற்றுக்கணக்கில் பிரிகிறது. வெளிவரும் இளசுகள் ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் மடிந்துபோகும். பரந்த கடலில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் மீன் எங்கே தப்பும்? வியப்பு என்னவென்றால், கழன்று விழுவதும் உறையை விட்டு வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில், மீன்கள் அடித்தளத்தருகே ஓய்ந்திருக்கும் வேளையில் நடக்கின்றன. கண்ணோ மூளையோ இல்லாத உயிருக்கு இப்படியொரு நேரக்கணக்கு!

செவுளிலும் இந்த ஒட்டுண்ணி குடியேறும். அங்கே இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. கடல்நீர் மீனின் இரத்தத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு உப்பானது என்பதால், உடலிலுள்ள நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே சேரும் உப்பில் பெரும்பகுதியைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. செவுள் சிதைந்தால் மூச்சும் உப்புச் சமநிலையும் ஒருசேரக் குலையும். பயணக் களைப்பு, விரட்டும் சக மீன், அம்மோனியா, ஏறி இறங்கும் வெப்பம் ஆகியவை கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், நலிந்த மீனை நோய் எளிதில் பிடிக்கிறது.

ஆகவே புள்ளியை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுவதே மேல். நலமாக இருக்கும்போதே செவுள்மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது கூடினால், நீர் பீச்சும் குழாயருகே மீன் நின்றால், பாறையில் உரசினால், இரையை மறுத்தால் உடனே நீரைச் சோதியுங்கள். இரவில் சற்று வெளிறித் தெரிந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். பல மீன்களுக்கு அது இயல்பு.

செம்பு மருந்து ஒட்டுண்ணியைக் கொல்லும். பவளத்தையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும். உறைகளுக்குள் 72 நாள் வரை ஒட்டுண்ணி உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது. பழைய தொட்டியை அதற்குமேல் சில நாள் மீனில்லாமல் விடுங்கள். புதிதாக வாங்கும் மீனைச் சில வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுங்கள்.