ஊர் அடங்கியது, வானம் தெளிந்தது

ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில் வசிக்கும் நமக்குக் காற்றைப் பற்றிய கவலை அதிகமில்லை. பாக்கு நீரிணையின் கடற்காற்று நாள்தோறும் நம் முற்றத்தில் வந்து உலாவுகிறது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சென்றிருக்கிறார்கள். அவர்கள் சுவாசிப்பது வேறு காற்று. ஆதலால் 2020-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் அதிசயத்தை நாமும் ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

அவ்வாண்டு மார்ச் 25 முதல், கொரோனா நோயைத் தடுக்கும் பொருட்டு, தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. மோட்டார் வண்டிகள் நின்றன. ஆலைகளின் புகைபோக்கிகள் ஓய்ந்தன. நமது விசைப்படகுகளும் கரையிலேயே கிடந்தன. சில தினங்களில், பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரவாசிகள் தங்கள் மொட்டைமாடியில் நின்றபடியே தௌலாதார் பனிமலைத் தொடரைக் கண்டு பிரமித்தார்கள். மலை புதிதாக முளைத்துவிடவில்லை. இடையே தொங்கிய புகைத்திரை விலகியது, அவ்வளவே.

விஞ்ஞானிகள் 22 இந்திய நகரங்களின் காற்றை முந்தைய ஆண்டுகளின் அதே பருவத்தோடு ஒப்பிட்டார்கள். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் சுமார் 43 சதவீதமும், நைட்ரஜன் டை ஆக்ஸைடு 18 சதவீதமும் குறைந்திருந்தன. தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயான இத்துகள், நுரையீரலின் ஆழம் வரை சென்று இரத்தத்திலும் கலக்க வல்லது. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கிறது. குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சியையும் குன்றச் செய்கிறது.

எனினும் எல்லா நஞ்சும் குறைந்துவிடவில்லை. ஓசோன் 17 சதவீதம் கூடியது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு நகரத்து ஓசோனை அழிப்பது வழக்கம். வண்டிகள் நிற்கவே அது அழியாமல் தங்கியது. கந்தக டை ஆக்ஸைடிலோ மாறுதல் மிகச் சொற்பம். நிலக்கரியை எரிக்கும் மின்சார நிலையங்கள் அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தன அல்லவா?

இந்தத் தெளிந்த வானத்தைக் கண்டு மகிழும் வேளையில் மற்றொரு காட்சியையும் நாம் மறத்தலாகாது. அதே வானத்தின் கீழேதான் லக்ஷக்கணக்கான ஏழைத் தொழிலாளர்கள், வேலையும் உணவும் இன்றி, குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். ஏழையின் அடுப்பை அணைத்துப் பெற்ற தூய்மையைத் தூய்மையென்று எவ்வாறு கொண்டாடுவது? அதுவும் நிலைக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் புகை திரும்பி வந்தது.

ஆயினும் ஓர் உண்மை ருஜுவாகிவிட்டது. இப்புகை விதியன்று; நாம் மூட்டியது. ஆகவே நாமே குறைக்கவும் முடியும். மாசற்ற காற்று உயிர்வாழும் உரிமையில் அடங்கியதென்று 1991-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2019-இல் தேசிய தூய காற்றுத் திட்டமும் தொடங்கியது. போதிய பஸ்கள், ஆலைப் புகையை வடிகட்டும் சாதனங்கள், குப்பையைக் கொளுத்தாத தெருக்கள், புகையில்லாத அடுப்புகள் - இவை இருந்தால் தொழிலும் நடக்கும், வானமும் தெளியும்.

அந்நியராட்சியிலிருந்து விடுபட்ட தேசத்தின் மக்கள் தங்கள் மூச்சுக்காற்றுக்கு அடிமைப்பட்டிருப்பது தகுமா? கொள்ளைநோய் வந்துதான் நமக்கு மலையைக் காட்ட வேண்டும் என்பதில்லை.