கல்லான மரமும் கணிப்பொறிப் பதிவேடும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்தவை இவை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, மரப்பொருளின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. பொருள் மாறிற்று, அமைப்பு மாறவில்லை. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எவ்வகை மரம் என்று இன்றும் சொல்லலாம். ஆனால் அது மக்காது, எரியாது.

கணிப்பொறியிலும் இதை ஒத்த ஓர் உத்தி உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

பதிவேடு எதற்கு?

யார் நுழைய முயன்றார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதையெல்லாம் கணிப்பொறியின் இயக்க முறைமை ஒரு தணிக்கைப் பதிவேட்டில் வரிவரியாக எழுதி வைக்கிறது. 2019 செப்டம்பரில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் புகுந்திருப்பதை மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு கண்டறிந்தது. இத்தகைய வேளையில் ஆராய்வோருக்குப் பதிவேடு முக்கிய சாட்சியாகும். பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும் என்று அதே அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது.

சாட்சியைக் கலைப்பது எப்படி?

பதிவேட்டில் எழுதப்படும் பெயரைத் தருபவர் யார்? நுழைய முயல்பவரே! விளங்குவதற்காகத் தமிழில் காட்டுகிறேன். ரவி என்பவர் தவறான கடவுச்சொல் கொடுத்தால், வரி இப்படி அமையும்:

பெயர்="ரவி" முடிவு="தோல்வி"

ஒரு விஷமி, ரவி என்று எழுதி நிறுத்தாமல், மேற்கோள் குறியையும் சேர்த்து ரவி" முடிவு="வெற்றி" மீதி=" என்று பெயர் கொடுத்தால்?

பெயர்="ரவி" முடிவு="வெற்றி" மீதி="" முடிவு="தோல்வி"

முதலில் வரும் முடிவை மட்டும் படிக்கும் நிரல் ஏமாந்து போகும். பெயருக்குள் 'புதிய வரி' என்னும் குறியை நுழைத்தால், நடக்காத ஒன்றை முழு வரியாகவே எழுதிவிடலாம்.

மூன்று வழிகள்

அப்பெயரைப் பதியாமல் விடலாம். அப்போது சாட்சியமே இல்லை. தீய குறிகளை நீக்கிப் பதியலாம். அப்போது சாட்சியம் திரிந்துவிடும். மூன்றாவது வழி, மரம் கல்லானது போல, அமைப்பு கெடாமல் உருவை மட்டும் மாற்றுவது.

2004-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட தணிக்கை அமைப்பு இம்மூன்றாம் வழியில் செல்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயக்க முறைமையும் லினக்ஸைச் சேர்ந்ததே. கணிப்பொறியில் ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். பெயரிலுள்ள எல்லா எண்களும் 33 முதல் 126 வரை இருந்து, மேற்கோள் குறியான 34 வராவிட்டால், பெயர் மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே எழுதப்படும். ஒன்று மீறினாலும் போதும், பெயர் முழுவதும் பதினறும எண்முறையில், மேற்கோள் குறியின்றி எழுதப்படும். 34 = 2×16 + 2; ஆகவே அது 22 ஆகிறது. இடைவெளியான 32 என்பது 20 ஆகிறது. இந்த உருவில் மேற்கோள் குறியும் இல்லை, வரி முறிவும் இல்லை, ஏமாற்ற வழியில்லை.

ஒருவர் "22" என்றே பெயர் வைத்துக்கொண்டால்? அது மேற்கோள் குறிகளுக்குள் வரும், குழப்பமில்லை.

நம் தமிழெழுத்துகளும் இங்கே மாறியே பதிவாகின்றன. யுனிகோட் முறையில் 'ம' என்பது 224, 174, 174 என்னும் மூன்று பைட்டுகள். மூன்றும் 126-ஐத் தாண்டியவை. 'மரம்' என்ற பெயர், புள்ளியையும் சேர்த்து, 12 பைட்டுகள். பதிவேட்டில் 24 இலக்கங்கள். இடம் இரட்டிப்பாவதே இம்முறைக்கு நாம் தரும் விலை.

கல்மரம் மீண்டும் மரமாகாது. பதினறும எண்ணோ மீண்டும் பெயராகும். படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. 27 என்னும் குறி, திரையை அழிக்கும் கட்டளைக்குத் தொடக்கமாகலாம். 2021 டிசம்பரில் உலகையே கலக்கிய லாக்4ஜே கோளாறும் இவ்வினத்ததே; பதிவதற்கு வந்த சொற்களை அந்நிரல் கட்டளையாக எடுத்துக்கொண்டது. பதிவேடு எழுதுபவன் கேட்டதை எழுத வேண்டும். அதற்குக் கீழ்ப்படியக் கூடாது.

மாணவர்களே, பதிவேட்டில் மேற்கோள் குறியின்றி 726176692073 என்று ஒரு பெயர் காண்கிறது. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் எண்கள் 97 முதல் 122 வரை. பெயர் யாருடையது, மேற்கோள் குறி ஏன் இல்லை என்று கண்டுபிடியுங்கள்!