பலாலி வானில் அறுந்த வழி

1995 ஏப்ரல் 28, 29 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணத்தின் பலாலி வான்தளத்துக்கு அருகே, இலங்கை விமானப் படையின் இரண்டு ஆவ்ரோ போக்குவரத்து விமானங்களை விடுதலைப் புலிகள் அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தினர். அவற்றில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் தாக்குதலோடு முறிந்து, பத்தே நாள்கள் ஆகியிருந்தன.

இந்நிகழ்வு பெரும்பாலும் படைக்கலத் திறன் பற்றிய செய்தியாகவே நினைவுகூரப்படுகிறது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதைப் பாதையின் வரலாறாகவே நான் காண்கிறேன்.

ஆவ்ரோ, நம் கான்பூரிலும் தயாரிக்கப்பட்ட இரட்டை இயந்திர விமானம். ஏறத்தாழ ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும். அது போர் விமானம் அன்று. தரையிறங்கும்போது தாழ்வாகவும் மெதுவாகவும் ஒரே நேர்கோட்டிலும் வரும். இயந்திர வெப்பத்தைப் பின்தொடரும் ஏவுகணையை ஒருவரே தோளில் வைத்து ஏவிவிடலாம். எனவே மிகக் குறைந்த செலவில் மிகப் பெரும் இழப்பை உண்டாக்க முடிந்தது.

அத்தனை ஆபத்திலும் ஏன் பறந்தனர்? வேறு வழி இல்லை. தெற்கிலிருந்து குடாநாட்டுக்குச் செல்லும் ஏ-9 சாலை புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி வழியாகச் சென்றது. எஞ்சியவை கடலும் வானும் மட்டுமே.

நான் வாழும் பொட்டிபுரத்திலிருந்து இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து போடிமெட்டுச் சாலை அடைபட்டால், செடியில் ஏலக்காய் குறைவதில்லை. ஆனால் ஏலத்துக்கு வரும் சரக்கு குறைகிறது. இருப்பு உள்ள வணிகர் காத்திருப்பார். நாள்கூலி பெறுவோர் காத்திருக்க இயலாது. மலையில் அரிசி விலை ஏறும். பாதையும் விலையின் ஒரு பகுதியே. மழை விட்டால் எங்கள் சாலை திறக்கும். போர் அடைத்த சாலைக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஏப்ரலில் முறிந்த பேச்சுவார்த்தையின் முக்கிய இழுபறிகளில் இரண்டு, வடக்கின் மீதான பொருளாதாரத் தடையும் பூநகரிப் படைமுகாமும். குடாநாட்டுக்குச் செல்லும் சங்குப்பிட்டிப் பாதை அந்த முகாமை ஒட்டியே சென்றது. சரக்கும் சாலையும் பற்றிய வழக்கை மேசையில் தீர்க்காததன் விலையை, வானில் பறந்தவர்களும் தரையில் காத்திருந்தவர்களும் செலுத்தினர்.

அது படையினரோடு நிற்கவில்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் பயணிகள் விமானம் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். புலிகள் சுட்டதாகவே பரவலாகக் கருதப்படுகிறது.

போர்ச் சட்டப்படி படையின் போக்குவரத்து விமானம் தாக்குதலுக்கு உரிய இலக்கு. பயணிகள் விமானம் அன்று. ஆனால் இரண்டும் ஒரே ஓடுபாதையில் ஏறி இறங்கும்போது, அந்த வேறுபாடு தாளில் மட்டுமே நிலைக்கிறது. எனவே பொதுமக்களுக்கான தரைவழியைத் திறப்பதை இறுதித் தீர்வு வரை ஒத்திப்போடக் கூடாது. அதுவே முதல் உடன்பாடாக அமைய வேண்டும். ஏ-9 சாலை 2002-இல் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே மீண்டும் திறந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அது திறந்திருந்தால் எத்தனை பேர் பேருந்தில் வீடு திரும்பியிருப்பார்கள்!