எப்போது திக்குகிறது வண்டி?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். கல்குவாரிகளில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று ஆண்கள் சைக்கிளை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. அந்த வீடுகளில் இன்று நிற்பது மொபெட்டும் பைக்கும்.

சைக்கிளின் பழுது ஒளிந்துகொள்ளாது. செயின் கழன்றால் தொங்கும், டியூப் பஞ்சரானால் சப்பென்று அமுங்கும். எஞ்சின் அப்படியில்லை. மூடிய சிலிண்டருக்குள் ஒரு வெடிப்பு தவறியதற்கு வெளியே தெரியும் முதல் அடையாளம், வண்டியின் திக்கல்தான். மெக்கானிக்கிடம் போய் “மிஸ் ஆகுதுண்ணே” என்று சொன்னால் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எப்ப மிஸ் ஆகுது?” அதைக் கேட்காமல் நேராகப் பிளக்கை மாற்றுகிறவர் அனுபவம் போதாதவர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கீரமங்கலம் பூச்சந்தைக்கு விடியற்காலையில் இரண்டு மூட்டை சம்பங்கியோடு ஒரு எக்ஸ்.எல். மொபெட் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. நாலு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இழுவை குறைந்து, குலுங்கி, நின்றேபோனது. ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. இன்னொரு நாலு கிலோமீட்டர். மறுபடியும் அதே கதை.

இந்த வண்டிக்கு ஸ்பேனர் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பது. ‘உஷ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. மூடியில் இருக்கும் சின்ன மூச்சுத்துளையைத் தூசி அடைத்திருக்கிறது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லை என்றால் டேங்க்குக்குள் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்கத் தயங்கும். நிறுத்திவைத்த ஐந்து நிமிடத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்விடுவதால் வண்டி மறுபடி ஓடுகிறது. இதற்காக கார்ப்ரேட்டரைப் பிரித்து மேய்ந்தவர்கள் ஏராளம்.

பட்டறைகளில் எஞ்சினின் தேவையை மூன்று சொற்களில் அடக்கிவிடுவார்கள்: பெட்ரோல், கம்ப்ரஷன், கரண்ட். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் நொடிக்கு 50 முறை வெடிப்பு நிகழ வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்றும் கூடிவர வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்த வெடிப்பு தவறும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றிக்கொண்டால், ‘டப்’பென்று பின்னால் வெடிக்கிறது.

பெட்ரோல் என்றால் பெட்ரோல் மட்டும் கணக்கில்லை, காற்றும் சேர்த்துத்தான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று லேசானது என்பதால் அளவில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! அத்தனையும் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. கிரஷர் லாரிகளுக்குப் பின்னாலேயே தினமும் ஓடும் வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தால் கல்மாவு கொட்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். வண்டி கறுப்புப் புகை விடும், மேட்டில் ஏறத் திணறும், மைலேஜ் சரியும். கம்பெனிக்காரர் புத்தகத்தில் போட்டிருக்கும் ஃபில்டர் மாற்றும் கணக்கு தார்ச்சாலைக்குப் பொருந்தலாம், குவாரிச் சாலைக்குப் பொருந்தாது.

இதற்கு நேரெதிர் பழுது, ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துபோவது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஓடுகிறது, விட்டால் செத்துப்போகிறது. பெரும்பாலும் கார்ப்ரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் அந்தத் துளையை மூடிவிடும். ஆக்சிலேட்டர் கேபிளில் ஒரு இழையை உருவி அந்தத் துளையைக் குத்துவது நம்மூர்ப் பழக்கம். ஜெட் பித்தளை, இழை எஃகு. இரண்டு முறை குத்தினால் துளை பெரிதாகி வேறொரு பழுது பிறக்கும். கார்ப்ரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்று அடிப்பதுதான் சரி.

கஜா போன்ற புயலில் நனைந்து கிடந்த வண்டிக்கு வேறு சோதனை தேவை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அங்கேதான் தொடங்குகிறது. கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இரண்டு திரவங்களுக்கு நடுவே கோடு போட்டதுபோலத் தெரியும்.

அடுத்தது கரண்ட். பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் ஜாதகத்தையே வாசிக்கலாம். நுனி காப்பி நிறமாகவோ சாம்பல் கலந்தோ இருந்தால் குறையில்லை. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஆயில் மேலேறுகிறது. சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் காற்று அதிகமாகி எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகிறது. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றியதால் கரி அப்புவது அன்றாடச் சங்கதி. டூல்ஸ் பெட்டியில் உபரிப் பிளக் ஒன்றும், தேய்க்க உப்புத்தாள் துண்டும் கூடவே பயணம் செய்யும்.

பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உலோகத்தில் சாய்த்துவைத்து, கிக்கரை உதைத்துப் பொறி பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அது பாதி உண்மையைத்தான் சொல்லும். வெளிக்காற்றில் அந்த முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ காற்று ஒன்பதில் ஒரு பங்காக நசுங்கி அடர்ந்திருக்கிறது. அங்கே தாண்ட அதைவிடப் பல மடங்கு வோல்ட் தேவை. அதனால்தான் நலிந்த இக்னிஷன் காயில் வெளியே பளிச்சென்று பொறி காட்டிவிட்டு, சுமையோடு மேடேறும்போது கைவிடுகிறது. மழையில் மட்டும் திக்கும் வண்டியை இருட்டில் ஓடவிட்டுப் பிளக் ஒயரைக் கவனிக்க வேண்டும். விரிசல் கண்ட ஒயரிலோ பிளக் கேப்பிலோ நீலப்பொறி வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும். (பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி பார்க்கும் வேலையே கூடாது.)

கம்ப்ரஷன் பழுது மெல்ல வரும். காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் ஐடிலிங்கில் திணறினால் வால்வை ஒட்டிய டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பல சிறிய எஞ்சின்களில் அது 0.1 மில்லிமீட்டரை ஒட்டியது, ஏறக்குறைய ஒரு தாளின் கனம். இடைவெளி அதற்கும் குறைந்துவிட்டால், சூட்டில் உலோகம் நீளும்போது வால்வ் முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். டேப்பட் சத்தம் கேட்டால் பயந்து இறுக்கச் சொல்கிறார்கள். உண்மையில் சத்தம் போடும் டேப்பட்டைவிட சத்தமே இல்லாத டேப்பட்தான் ஆபத்து.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் இதில் பாதி வேலையைச் சென்சார்கள் எடுத்துக்கொண்டன. கார்ப்ரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது, எக்ஸ்.எல். உட்பட. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்தால் பலர் உடனே ஷோரூமுக்கு ஓடுகிறார்கள். ஆனால் ஹோண்டாவின் பல வண்டிகளில் அந்த விளக்கு கண்சிமிட்டியே பழுதைச் சொல்லிவிடும். நீளமான சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. நீளமாக ஒன்றும் குறுகலாக இரண்டும் வந்தால் பன்னிரண்டு, அதாவது இன்ஜெக்டர் இணைப்பில் கோளாறு.

இன்ஜெக்டரே கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டியாக இருந்தால் விலை உயர்ந்த பாகத்தை வாங்குவதற்கு முன் அந்த இணைப்பின் கப்ளரைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்றில் செம்பு முனை களிம்பேறிப் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா, மறுபடி சிமிட்டத் தொடங்குகிறதா என்று.