சிவப்புக் காட்டத் தெரியாத இயந்திரம்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கழக்கூட்டம் டெக்னோபார்க் ஒரு பெரிய வாழ்வாதாரம். 1990-இல் அது தொடங்கியபின், சாலைக் கடைவீதியில் வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைகளும், கரமனை, கோட்டைப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளும் ஊரை விட்டுப் போகாமலே கம்ப்யூட்டர் வேலையில் அமர முடிந்தது. இன்று அந்தப் பெற்றோர்கள் கூடுமிடமெல்லாம் ஒரே பேச்சு: "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாமே, நம் பிள்ளையின் வேலை நிலைக்குமா?"

கவலை நியாயமானதே. டெக்னோபார்க்கிலும் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் டி.சி.எஸ். நிறுவனம், 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமில்லை, திறன் பொருத்தமின்மைதான் காரணம் என்று நிறுவனத் தலைமை விளக்கமும் தந்தது. எது எப்படியாயினும், வேலை போவதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். வேலையில் நீடிப்பவர்களுக்கு இந்த இயந்திரத்தால் வரும் தொல்லையைப் பற்றி, டிப்ளமா படித்து இரயில்வே சிக்னல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் சில சொல்ல விரும்புகிறேன்.

தவறினால் சிவப்பு

சிக்னல் வேலையில் சேர்ந்தவனுக்கு முதலில் கற்றுத் தரும் பாடம் ஒன்றுண்டு. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். பழுதானால் சிக்னல் சிவப்பாக வேண்டும். இரு தண்டவாளங்களிலும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பலத்தில்தான் ரிலே என்ற கருவி தூக்கி நிற்கும். வண்டி வந்து நின்றால் சக்கரங்கள் வழியே மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அதே ரிலேதான் விழும். அதாவது, தனக்குத் தெரியாதபோது "நில்" என்று சொல்லும்படி அந்தக் கருவியை அமைத்திருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கு ஒருமுறை குலைந்தால் என்னவாகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பார்த்தோம். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்வழிக்கான பச்சை விழுந்தது. பாதையோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்புகளில் நடந்த வேலையின் குறைபாடே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு பொய்ப் பச்சையின் விலை அது.

இன்று அலுவலகங்களில் புகுந்திருக்கும் எழுதும் இயந்திரங்களுக்கு இந்தச் சிவப்பு சரியாக அமையவில்லை. தெரிந்ததைச் சொல்லும் அதே தோரணையில் தெரியாததையும் சொல்லிவிடுகின்றன. 2023-இல் நியூயார்க் நகரில், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல் ஒருவர் சாட்ஜிபிடியிடம் முன் தீர்ப்புகளைக் கேட்டார். வழக்கின் பெயர், தீர்ப்பு வாசகம் எல்லாம் அழகாக வந்தன. அவற்றில் ஆறு வழக்குகள் உலகத்தில் நடக்கவேயில்லை! "இவை உண்மைதானா?" என்று கேட்டபோதும் உண்மைதான் என்றே பதில் வந்தது. 5,000 டாலர் அபராதம் வக்கீல்கள் தலையில் விழுந்தது.

கையெழுத்து யாருடையது?

இது இரண்டாவது தொல்லை. இரயில்வேயில் சிக்னல் கம்பியைத் தொடுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் சோதித்துப் பார்த்து மறுபடியும் கையெழுத்து. ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது தாளிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் சொன்னதே வேதவாக்கு என்று ஓர் அலுவலகம் நம்பத் தொடங்கினால், குற்றம் எப்போதும் கீழே இருப்பவன் மீதே விழும்.

பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் நடந்தது இதற்குச் சாட்சி. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், செயற்கை நுண்ணறிவு அன்று. சாதாரணக் கம்ப்யூட்டர் ஏற்பாடுதான். அது காட்டிய பொய்ப் பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்களும் உண்டு. அவர்களில் நம் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அவர்களில் பலர் மீதிருந்த பழியைத் துடைக்க முடிந்தது. சாதாரண மென்பொருளுக்கே இந்தக் கதி என்றால், எப்படி முடிவுக்கு வந்தது என்று செய்தவர்களாலேயே முழுதும் விளக்க முடியாத இயந்திரத்தை என்ன சொல்வது?

மூன்றாவது தொல்லை இளைஞர்களுக்கு. சிறு வேலைகளைச் செய்து, மூத்தவர் திருத்தி, மறுபடி செய்துதான் நாங்கள் தொழில் கற்றோம். அந்தத் தொடக்க வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், இருபது ஆண்டு கழித்து அதன் தவற்றைக் கண்டுபிடிக்கும் மூத்தவர் எங்கிருந்து வருவார்? நாற்று விடாமல் நடவுக்குப் போக முடியுமா?

நம் பக்கத்திலேயே நல்ல வழி

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே 2021 நவம்பரில் மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை அமைத்தது. யானை பாதைக்கு அருகே வந்தால் எச்சரிக்கை போகும், வண்டி மெதுவாகும். இயந்திரம் எதையோ யானை என்று எண்ணிவிட்டாலும் சில நிமிட தாமதத்தோடு போகும். தவறினால் சிவப்பு என்ற பாடம் இங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது.

கேரள உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது. தீர்ப்புக்கோ முடிவுக்கோ இந்த இயந்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது. அவை தருவதை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நீதிமன்றத்துக்குப் பொருந்துவது நம் பிள்ளைகளின் அலுவலகத்துக்குப் பொருந்தாதா?

எனவே பெற்றோர்களே, "வேலை இருக்குமா?" என்று மட்டும் பிள்ளைகளைக் கேட்டு அவர்களைக் கலங்க வைக்காதீர்கள். இரவு உணவின்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் இயந்திரம் தெரியாதபோது தெரியாது என்று சொல்கிறதா? அது தவறினால் கையெழுத்துப் போட்டவர் யார்? அதை விட்டுவிட்டு உன்னால் அந்த வேலையைச் செய்ய முடியுமா? மூன்றாவது கேள்விக்கு "முடியும்" என்று சொல்லும் பிள்ளையைப் பற்றி நீங்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முதலிரண்டுக்கும் பதில் கேட்டு வாங்குவது மேலாளர்களின் கடமை. நம்மில் அந்தப் பதவிகளில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் இன்றே தொடங்கலாம்.