சர்ச் பாரானா சத்தமில்லை, புத்தர் பேர்ல பார் வந்தா வழக்கு... என்ன வித்தியாசம்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பழைய கத்தோலிக்க தேவாலயம். 1993-ல் மூடப்பட்டது. 1996-ல் அதே கட்டடம் 'சர்ச் புரூ வொர்க்ஸ்' என்ற பெயரில் ரெஸ்டாரன்ட்டாகத் திறந்தது. பாதிரியார் திருப்பலி நிறைவேற்றிய மேடையில் பீர் காய்ச்சும் பெரிய டேங்க்குகள் நின்றன. ஜனங்கள் முழங்கால் போட்டு ஜெபித்த பெஞ்சுகளை அளவாக வெட்டி, சாப்பிட உட்காரும் இருக்கைகளாக மாற்றினார்கள்.

கேட்கும்போதே கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. ஆனால், இதற்கு திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்க திருச்சபைச் சட்டத்தின் 1222-வது பிரிவுதான் இங்கே முக்கியம். ஒரு கோயில் இனி வழிபாட்டுக்குப் பயன்படாது என்றால், ஆயர் அதை உலகக் காரியங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். முக்கிய நிபந்தனை, அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது. ரெஸ்டாரன்ட் ஓகே, நைட்கிளப் இழிவா என்று கேட்டால், அது அவரவர் ஊர் ஆயரைப் பொறுத்தது. இன்னொரு பிரிவும் உண்டு. கட்டடம் புனிதத்தை இழந்தாலும் பலிபீடம் இழக்காது. அதனால் பலிபீடத்தை மட்டும் மற்ற வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் குறைந்துகொண்டே போகிறது. கூரையைப் பழுது பார்க்கவே பெருந்தொகை வேண்டும். பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் இடிக்கவும் முடியாது. வாங்குகிறவர்தான் வழி.

கிளப்புக்கு சர்ச் ஏன் பிடிக்கிறது?

டிசைனர்கள் பக்கம் இருந்து பார்த்தால் பதில் சுலபம். நடுவில் நீளமான கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, எல்லார் கண்ணும் போய் நிற்கிற மாதிரி கடைசியில் ஒரு மேடை, அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம், வண்ணக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம். நூற்றுக்கணக்கான பேரை ஒரே உணர்வில் சேர்ப்பதற்காகவே கட்டிய அமைப்பு அது. பாதிரியார் இடத்தில் டிஜே நின்றாலும் கட்டடம் அதே வேலையைத்தான் செய்கிறது.

சிக்கல் சத்தத்தில்தான். கல் சுவரிலும் உயர்ந்த கூரையிலும் ஒலி மோதி, சில விநாடிகள் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மெதுவான ஞானப்பாட்டுக்கு அது அழகு. டிரம் பீட்டுக்கோ ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். அதனால் ஒலியை உறிஞ்சும் பொருட்களைப் பொருத்தித்தான் சமாளிக்க வேண்டும்.

இந்த வகையில் ரொம்பப் பிரபலம், 1983-ல் நியூயார்க்கில் திறந்த 'லைம்லைட்' கிளப். 1840-களில் ரிச்சர்ட் அப்ஜான் வடிவமைத்த எபிஸ்கோபல் தேவாலயம் அது. 1966-லேயே பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை, கிளப் ஆவதற்கு முன் கட்டடத்தை வைத்திருந்தது போதை மறுவாழ்வு அமைப்பு. கிளப் ஆன பிறகு, 1990-களில் அங்கே போதைப்பொருள் புழக்கம் என்று போலீஸ் ரெய்டு நடந்து, மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 2010-ல் கடைகள் நிறைந்த மார்க்கெட்டாக மாறியது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் 2014-ல் திறந்த 'தி ஜேன்' ரெஸ்டாரன்ட் வேறு ரகம். பழைய ராணுவ மருத்துவமனையின் சிற்றாலயம் அது. பலிபீடம் இருந்த பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் சமையலறை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் புனிதர்களுக்குப் பதில் ஐஸ்கிரீம், மண்டை ஓடு, பிறந்தநாள் கேக். பார்க்க அட்டகாசமா இருக்கும்.

அப்போ புத்தர் விஷயத்தில் மட்டும் ஏன் சண்டை?

1996-ல் பாரிஸில் திறந்தது 'புத்தா பார்'. இது பழைய கோயில் இல்லை. சாதாரண கட்டடத்துக்குள் பிரமாண்ட புத்தர் சிலை வைத்து, மங்கலான வெளிச்சம், மெல்லிய இசை என்று ஆசியக் கோயில் போல ஒரு செட். அது ஹிட் ஆனதும் பல நாடுகளுக்குக் கிளை பரவியது. லாஸ் வேகாஸில் 2005-ல் திறந்த 'டாவ்' கிளப்பிலும் சுமார் 20 அடி புத்தர் உண்டு.

2008-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்கு 'புத்தா பார்' வந்தபோது கதை மாறியது. அங்குள்ள பௌத்தர்கள் சிறுபான்மையினர். தெருவில் இறங்கிப் போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2010 செப்டம்பரில் பாரை மூடும்படி தீர்ப்பு வந்தது. இழப்பீடாக 100 கோடி ரூபியா கொடுக்கவும் உத்தரவு.

சர்ச்சை அந்த சபையே கைவிட்டு, விற்றுவிட்டுப் போனது. புத்தரை யாரும் கைவிடவில்லை. பாரிஸில் அலங்காரமாக நிற்கிற அதே உருவத்துக்கு முன்னால் ஜகார்த்தாவில் ஒருவர் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லையே! நம்ம ஊர் ஹோட்டல் ரிசப்ஷன்ல தண்ணி கொட்டுற புத்தர் தலை வைக்கிறதும் இதே கதைதான், என்ன, இங்கே யாரும் கேஸ் போடல.

மியான்மரில் தண்டனை இன்னும் கடுமை. 2014 டிசம்பரில் யாங்கூன் பார் ஒன்று, புத்தர் ஹெட்போன் மாட்டியிருக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் விளம்பரமாகப் போட்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த மேனேஜர் உட்பட மூன்று பேருக்கு 2015 மார்ச்சில் தலா இரண்டரை ஆண்டு கடுங்காவல். படத்தை நீக்கி மன்னிப்பு கேட்டும் பலனில்லை.

தாய்லாந்தில் ஒரு பௌத்த அமைப்பு இதை போர்டு வைத்தே சொல்கிறது. புத்தர் அலங்காரப் பொருள் இல்லை என்கிற பெரிய விளம்பரப் பலகைகளை பாங்காக்கில் பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகள் படிக்க வேண்டும் என்பதால், அது இங்கிலீஷில்.