வீடு கட்டுமுன் ஒரு கணக்கு, டிராக்டர் ஏறுமுன் காதுக்கு ஒரு காப்பு

தருமபுரி மாவட்டத்தில் வீட்டு வேலை தொடங்க ஏற்ற காலம் தை, மாசி. மழைக்காலத்து நீர் கிணற்றில் நிற்கும். கேழ்வரகு, சாமை அறுவடை முடிந்து வீட்டிலுள்ளோர் கை ஓய்ந்திருக்கும். சித்திரையில் கடைக்கால் எடுத்தால், கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட டேங்கரைத் தேட நேரிடும். ஆனால் கட்டடம் தையில் தொடங்கினாலும் கணக்கு ஆடியிலேயே தொடங்க வேண்டும். மேஸ்திரியை அழைத்துக் கயிறு பிடித்த பிறகு கணக்குப் போடுவது, விதைத்த பிறகு மண் பரிசோதனை செய்வதற்கு ஒப்பாகும்.

சிறு விவசாயிகள் செய்யும் முதல் தவறு, நல்ல வருஷத்து வருமானத்தை அளவாகக் கொள்வது. பாலக்கோடு சந்தையில் தக்காளிப் பெட்டி நல்ல விலைக்குப் போன வருஷத்தில் எடுத்த முடிவு, பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே பழத்தை விட்டுவிடும் வருஷத்தில் கழுத்தைப் பிடிக்கும். மரவள்ளிக்கும் இதே கதைதான். ஆகவே கடந்த ஐந்து வருஷ வரவைத் தனித்தனியே எழுதி, அவற்றுள் மிகக் குறைந்த வருஷத்தையே அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி கூட உதவாது. வங்கித் தவணை சராசரி பார்த்து வருவதில்லை.

பென்னாகரம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லையும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். குறைந்த வருஷத்தில் கொல்லையில் செலவு போக நின்றது ரூ.55,000. பால் சங்கத்துப் பணத்தில் தீவனம் போக ரூ.45,000. வாடகை டிராக்டர் ஓட்டியதிலும் கூலி வேலையிலும் ரூ.60,000. ஆக ரூ.1,60,000. சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து, நல்லது கெட்டது எல்லாம் சேர்த்துக் குடும்பச் செலவு ரூ.1,15,000. மிச்சம் ரூ.45,000.

இந்தக் குடும்பம் 9 சதவீத வட்டியில், 15 வருஷத்தில் திருப்புவதாக ரூ.5 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை ரூ.5,071. வருஷத்துக்கு ரூ.60,852. மிச்சம் முழுவதையும் கட்டினாலும் ஏறத்தாழ ரூ.16,000 துண்டு விழும். கடைசியில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ரூ.9 லட்சத்துக்கு மேல். அதே வட்டியில் ரூ.2.5 லட்சம் மட்டும் வாங்கினால் வருஷத் தவணை சுமார் ரூ.30,430. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு தவணைக்குப் போய், ஒரு பங்கு கையில் நிற்கும். மோட்டார் எரிந்து போவதற்கும் மாடு நோயில் விழுவதற்கும் அந்த ஒரு பங்கு வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தவணைக்கு விடுவது சிறு விவசாயிக்கு ஆகாது.

மாதந்தோறும் சம்பளம் இல்லாதவருக்கு மாதத் தவணை இடைஞ்சலானது. விளைச்சலை ஒட்டி அரையாண்டுத் தவணை தர முடியுமா என்று வங்கியில் கேட்பதில் தவறில்லை. பால் பணமும், பட்டுப்புழு வளர்ப்போருக்குத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் வரும் பணமும் தவணைக்கு ஓரளவு நம்பக்கூடியவை. தக்காளியை நம்பித் தவணை எழுதக் கூடாது.

கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடனைத் தவணைக்குள் திருப்பினால் வட்டி இல்லை. அந்தப் பணத்தைச் செங்கல்லாக மாற்றினால் தவணை தவறும், வட்டி ஏறும், அடுத்த பட்டத்துக்குக் கடனும் கிடைக்காது. நூற்றுக்கு மூன்று வட்டி என்று வெளியில் வாங்குவதோ வருஷத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ரூ.36,000 வட்டியாக மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

சுவரும் தளமும் மட்டுமே வீடு என்று நினைத்துக் கணக்கிடுவோர் பலர். கதவு, ஜன்னல், மின் இணைப்பு, கழிப்பறைத் தொட்டி, தண்ணீர்க் குழாய், பூச்சு ஆகியவை பின்னால் வந்து நிற்கும். புதுமனை புகும் நாளில் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடாவிட்டால் குறை சொல்வார்களே என்ற பயத்தில், மேற்பூச்சுக்கு வைத்த பணம் பந்தியில் கரைவதும் உண்டு. மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொண்டு வீட்டின் அளவை முடிவு செய்வது நலம். அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. தளம் பின்னால் நீட்டும்படி கம்பி விட்டு வைக்கலாம்.

குடிசையில் இருப்போர் அரசுத் திட்டங்களை ஊராட்சியில் விசாரிக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு ரூ.1.20 லட்சம் என அடிப்படைத் தொகை வகுக்கப்பட்டது. கூரைத் தளத்துக்கு மாநில அரசு தனியே சேர்த்துக் கொடுத்தது. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் என நிர்ணயித்தார்கள். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். இத்திட்டங்களில் பணம் ஒரே தடவையில் வராது. கடைக்கால், ஜன்னல் மட்டம், தளம் என்று வேலை எழும்புவதைப் பார்த்தே தவணையாக வரும். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே கைப்பணம் இல்லாததால்தான் பல வீடுகள் ஜன்னல் மட்டத்தில் நின்று மழையில் நனைகின்றன.

அரூரிலோ தருமபுரியிலோ மனை வாங்குவோர் விலையை மட்டும் பேசி முடிக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.5 லட்சம் மனைக்கு ரூ.45,000 தனியே வேண்டும். ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கும் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மனைவி பெயரில் பதிய இது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து, அனுமதி பெறாமல் விற்கும் மனை மலிவாக இருக்கும். 2016 அக்டோபர் 20-க்குப் பின் புதிதாக அப்படிப் பிரித்த மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய இயலாது.

துண்டு விழுவதை இட்டு நிரப்பும் காது

மேலே சொன்ன குடும்பம் ரூ.5 லட்சமே வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருஷம் ரூ.16,000 எங்கிருந்து வரும்? குடும்பத் தலைவர் கூடுதல் நேரம் டிராக்டர் ஓட்டுவார். இல்லையேல் கதிரடிக்கும் இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போவார், கல்குவாரியில் கம்பரசர் பிடிப்பார், ரிக் வண்டி வேலைக்குப் போவார். நான்கும் காதைத் தின்னும் வேலைகள். வீட்டுக் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகில் பரவலாக ஏற்ற வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி, 94-இல் ஒரே மணி நேரம். கூண்டு இல்லாத டிராக்டரில் உழும்போது ஓட்டுபவர் காதருகே 90-க்கு மேல் இருப்பது சாதாரணம். சைலன்சர் ஓட்டையான வண்டியென்றால் இன்னும் மோசம். டெசிபல் அளக்கும் கருவி கொல்லையில் கிடைக்காது. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி வரம்பை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதிக்குள் மயிரிழை போன்ற நுண்ணிய உணர்செல்கள் இருக்கின்றன. பலத்த ஒலியில் அவை முதலில் சோரும், பிறகு மடியும். மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. அறுத்தால் துளிர்க்கும் கரும்புக் கட்டை அல்ல அது. மாலையில் வண்டியை விட்டு இறங்கியதும் காது அடைத்தாற்போல் இருந்து காலையில் சரியாகிறதே என்று அலட்சியம் செய்யக் கூடாது. அதுவே முதல் எச்சரிக்கை. அடுத்துக் காதுக்குள் இரைச்சல் கேட்கும். முதலில் போவது கீச்சுக் குரல் கேட்கும் திறன். பெண்கள், குழந்தைகள் பேச்சு மங்கும், சொற்கள் மயங்கும். 'கேட்கிறது, புரியவில்லை' என்பார். வீட்டார் அதைக் கவனக்குறைவு என்று கோபித்துக்கொள்வார்கள்.

பாலக்கோடு, பென்னாகரம் வனத்தை ஒட்டிய கொல்லைகளில் இரவுக் காவல் இருப்போருக்குக் கிளை முறியும் ஓசை கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. யானை கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத்தான் தெரிய வேண்டும்.

மருந்துக் கடைகளிலும் பாதுகாப்புச் சாமான் கடைகளிலும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையைக் கழுவி, அதை விரலால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். அது விரிந்து அடையும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயன் இல்லை. சாதாரணப் பஞ்சு ஒலியைத் தடுக்காது. அழுக்கானதை எறிந்துவிட வேண்டும். கம்பரசர் வேலைக்கு இதன் மேல் காதுக் கவசமும் மாட்டுவது நல்லது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிர் ஊட்டும் பெண்களும் ஓட்டுபவர் அளவுக்கே இரைச்சலில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் காதடைப்பான் கொடுக்க வேண்டும், அல்லது மணிக்கொரு தடவை ஆளை மாற்ற வேண்டும். வேலை இல்லாதவர்கள் தள்ளி உட்காரட்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும்.

கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி எதையும் காதில் விடலாகாது. சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடாது.

கேட்கும் திறனில் ஐயம் இருப்பவர்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். பரிசோதனைக்கு முந்தைய நாள் டிராக்டரோ இயந்திரமோ ஓட்டாமல் இருப்பது அவசியம், இல்லையேல் அளவு தவறாக வரும். குறை உறுதியானால் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கருவியை மாட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டக் கூடாது. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும்.